ஆயிரம் துண்டும் அரைப் பெயரும்

எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "அக்கா, டீ-ஷர்ட்டுல பேரு அடிச்சுக் குடுத்தா வியாபாரம் நெஜமாவே ஏறுதா?"

தஞ்சாவூர் கீழவாசலில் இருபது வருஷமாக டீ-ஷர்ட், தொப்பி, துண்டு, பை, சாவிக்கொத்து என்று கண்ட பொருளிலெல்லாம் கடைப் பெயர்களை அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒரு உரக்கடைக்காரர் கொடுத்த தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, எதிர்க்கடையில் யூரியா வாங்கிய ஆளை நானே பார்த்திருக்கிறேன். அந்தத் தொப்பிக்கு நான் மூன்று முறை டிசைன் மாற்றிக் கொடுத்திருந்தேன்.

வியாபாரத்தை ஏற்றுமா என்பது தெரியாவிட்டாலும், ஒரு துண்டு என்னவெல்லாம் கெடுக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் பெயர் மெஹருன்னிசா. கடையில் எல்லாருக்கும் மெஹர் அக்கா. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். நடந்த கூத்தில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

1. பிராண்டு என்றால் நச்சென்று இருக்கணும்

தமிழரசி கடைக்கு வந்த அன்று நான் போனில் கத்திக்கொண்டிருந்தேன். ஒரு டிராக்டர் ஷோரூமுக்காகத் திருப்பூரிலிருந்து வரவழைத்த தொப்பிகளில் பாதி குழந்தை சைஸ். "யோவ், டிராக்டர் ஓட்டுறவருக்கு எல்.கே.ஜி. தொப்பியாய்யா அனுப்புவ? தலையில நிக்குமா இது?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன். எதிரே முப்பது வயசுப் பெண் ஒருத்தி, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு நின்றிருந்தாள்.

"மெஹர் அக்கான்றது நீங்கதானா?"

"கத்துறதப் பாத்தா தெரியலையா? உக்காருங்க."

சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

நன்னிலம் பக்கம் ஒரு ரைஸ் மில்லைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறாள். இத்தனை நாளும் மற்றவர்களுடைய பிராண்டுக்கு நெல் அரைத்துக் கொடுத்திருக்கிறாள். இப்போது சொந்தமாக ஒரு அரிசி பிராண்டு. அடுத்த மாதம் அவள் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். சொந்தபந்தம், கடைக்காரர்கள், புரோக்கர்கள் எல்லாரும் வருவார்கள். அந்த மண்டபத்திலேயே அரிசியை அறிமுகப்படுத்திவிட வேண்டும், வருகிறவர்கள் கையில் ஒரு பொருள் கொடுத்தனுப்ப வேண்டும் என்றாள். ஃபைலைத் திறந்து ஒரு தாளை நீட்டினாள். "கோடியப்பன் பொன்னி" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது.

"கோடியப்பன் யாரு?"

"எங்க அப்பாதான்க்கா. அவருக்குத் தெரியாது. அன்னைக்கு மண்டபத்துலதான் பாக்கணும்."

பை கொடுங்கள், பெண்கள் கையில் பத்து வருஷம் இருக்கும் என்றேன். குடை கொடுங்கள் என்றேன். எதற்கும் மசியவில்லை.

"துண்டுதான் வேணும்க்கா. அப்பா பண்ணையில வேலை பாத்த வரைக்கும் அங்க தோள்ல துண்டு போட விட்டதில்ல. இடுப்புலதான் கட்டிக்குவாங்க. அவரு பேரு எழுதுன துண்ட ஊரே தோள்ல போடணும், அவ்ளோதான்."

ஆயிரம் துண்டு, இருநூறு தொப்பி, மில் ஆட்களுக்கு காலர் டீ-ஷர்ட் என்று ஆர்டர் எழுதிக்கொண்டேன். அரிசிச் சாக்கும் இதே டிசைனில் வேறு இடத்தில் அச்சாக வேண்டும், விசேஷம் முடிந்த அடுத்த வாரம் நானே ஃபைலை அனுப்பிவிடுவதாக ஏற்பாடு.

அப்புறம்தான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

"பேரு நீளமா இருக்கும்மா. துண்டுல அடிச்சா எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். கோடி பொன்னின்னு வச்சுக்குவோம். நச்சுன்னு வாயில நிக்கும். கோடின்னாலே ராசிதானே? கோடி கோடியா கொட்டட்டும்."

அவள் தாளை மடித்து ஃபைலுக்குள் வைத்தாள். "அப்பாவ எல்லாரும் கோடின்னுதான்க்கா கூப்புடுவாங்க," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"அப்புறமென்ன?" என்று நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டேன்.

அடுத்தது கலர். நம் பக்கத்தில் துண்டுக்குக் கலர் பார்க்கிற மாதிரி வம்பு பிடித்த வேலை வேறில்லை. பச்சை என்றால் விவசாயச் சங்கம். சிவப்பு என்றால் தொழிற்சங்கம். மஞ்சள், கறுப்பு, காவி, நீலம், எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு கட்சியோ ஒரு கோயிலோ சொந்தம் கொண்டாடும். வெள்ளையில் கரை போடலாம் என்றால் அது இன்னும் மோசம். இரண்டு கலர் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கட்சி வேட்டி ஆகிவிடும். ஒரு சிமெண்ட் கடைக்கு அப்படித் தெரியாமல் கரை போட்டுக் கொடுத்ததில், எதிர்க்கட்சிக்காரர்கள் அந்தக் கடைப் படியேறுவதையே நிறுத்திவிட்டார்கள். கடைக்காரர் என்னை வந்து பிடித்துக்கொண்டார்.

அதனால் இந்த முறை கரையே வேண்டாம், சுத்த வெள்ளை என்று முடிவு செய்தேன். நடுவில் கருநீலத்தில் பெரிதாக "கோடி". அதன் கீழே சின்னதாக "பொன்னி". பக்கத்தில் ஒரு நெற்கதிர். வாட்ஸ்அப்பில் புரூஃப் அனுப்பினேன். தமிழரசி கட்டைவிரல் படம் அனுப்பினாள். வேலை ஓகே.

எங்கள் கடையில் ஸ்க்ரீன் பிரிண்டிங் பார்ப்பது செல்வம். நாற்பது வயசு, பதினைந்து வருஷமாக என்னோடு இருக்கிறார். முதல் துண்டை மேஜையில் விரித்து, மை இழுக்கிற ஸ்குவீஜியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"அக்கா, ஒரு கரையாவது போட்டுருவோமே."

"எந்தக் கட்சிக்கு?"

"அதில்லக்கா, வெறும் வெள்ளையா இருக்கு."

"வெள்ளைத் துண்டு வெள்ளையாத்தான் இருக்கும்."

"லேசா சந்தனக் கலருல..."

"செல்வம், கஸ்டமர் ஓகே பண்ணியாச்சு. டிசைனர் நீங்களா நானா?"

அவர் தலையைச் சொறிந்தார். போய் மை கலக்கினார். மூன்று நாளில் ஆயிரம் துண்டையும் ஒரு வார்த்தை பேசாமல் அடித்து முடித்தார். இப்படிப் பேசாமல் வேலை பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவரிடமே சொன்னேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

2. "இருக்கட்டும்ங்க"

விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னால், ஒத்திகை மாதிரி நன்னிலத்தில் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். நூறு துண்டு, ஐம்பது தொப்பி. தமிழரசியும் நானும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றோம். செல்வம் லோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார்.

தொப்பி பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. ஒரே ஆள் இரண்டு தடவை வந்து, "வீட்டுல மாமாவுக்கு ஒண்ணு," என்று வாங்கிப் போனார். துண்டை மட்டும் ஒருவரும் வாங்கவில்லை.

நான் எழுதுவது உங்களுக்கு ஒழுங்காகப் புரிய வேண்டும். ஒருவரும் என்றால் ஒருவரும்தான். நாலாக மடித்த துண்டை நீட்டினால் கை நீளும். எழுத்தைப் பார்த்ததும் கை பின்னால் போகும். "இருக்கட்டும்ங்க," என்பார்கள். "அப்புறமா வாங்கிக்கிறேன்மா," என்பார்கள். ஒரு பெரியவர் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதே மடிப்பிலேயே திரும்ப மடித்து என் கையில் வைத்து, "தேவப்படுறவங்களுக்குக் குடுங்க தாயி," என்று நகர்ந்தார். பூக்காரம்மா ஒருத்தர், "வெள்ளிக்கெழமையும் அதுவுமா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்கும் துண்டுக்கும் என்ன சம்பந்தம்? டீக்கடைக்காரரிடம், "கிளாஸ் தொடைக்கவாவது வச்சுக்குங்கண்ணே," என்று கெஞ்சினேன். "அய்யய்யோ, வேணாம்மா," என்று இரண்டு கையையும் ஆட்டினார். எதற்கு அய்யய்யோ?

சும்மா கொடுக்கிற பொருளைப் பார்த்து மனுஷர்கள் பயந்து ஒதுங்கியதை என் சர்வீஸில் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

துணி மெல்லிசோ என்று பார்த்தேன். நல்ல கனமான துணி. மை நாற்றமோ என்று மோந்து பார்த்தேன். இல்லை. அப்புறம் ஒரு நினைப்பு வந்தது. தலையில் முக்காட்டோடு நான் நின்று கொடுக்கிறேனே, அதனாலா? நான் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள். இந்தச் சுற்றுவட்டாரக் கோயில் திருவிழாக்களுக்கு எத்தனை பனியன் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அப்படியும் நினைப்பார்களா? ஆனால் அதே கையால்தானே தொப்பி கொடுத்தேன்? அதை அடித்துப் பிடித்து வாங்கினார்களே? தொப்பி வாங்கும்போது ஆகிற முக்காடு, துண்டு வாங்கும்போது மட்டும் ஆகாதா? ஒன்றும் விளங்கவில்லை.

"நீ குடு தமிழு," என்று கட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவளிடமும் வாங்கவில்லை. ஐந்தாவது ஆள் "இருக்கட்டும்மா" சொன்னதும் அவள் முகம் சுண்டிவிட்டது. "போலாம்க்கா," என்றாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் என் காரணத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது என்பதைப் பின்னால்தான் சொன்னாள். "எங்க தெரு ஆளுன்னு தெரிஞ்சுதான் வாங்கலன்னு நெனச்சேன்க்கா. அத உங்ககிட்ட எப்புடி சொல்றது?" ஆளுக்கொரு பழைய காயம் இருந்தது. ஆளாளுக்கு அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறோம். மூன்றாவது ஆளான செல்வத்துக்குச் சரியான காரணம் தெரியும். அவர் ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டினார்.

மறுநாள் எல்லாத் துண்டையும் அலசிக் காயவைத்து, சென்ட் தெளித்து, பிளாஸ்டிக் கவரில் அடைத்தேன். ரசனையாகக் கொடுத்தால் வாங்குவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செல்வம் கவர் ஒட்டிக்கொண்டே, "அக்கா, அந்தப் பேரு..." என்று ஆரம்பித்தார்.

"பேருக்கு என்ன கேடு?"

"ஒண்ணுமில்லக்கா."

3. எந்தக் கோடி?

திருக்கடையூரில் கோயிலுக்குப் பக்கத்து மண்டபம். உள்ளே அபிஷேகம், மாலை மாற்றல், தாலி எல்லாம் முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு வந்தார்கள். நான் மண்டப வாசலிலேயே நின்று, தேங்காய், வெற்றிலை பாக்கோடு தாம்பூலப் பையில் ஆளுக்கொரு துண்டு வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பைக்குள் இருப்பது தெரியாததால் எல்லாரும் வாங்கினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். பாக்கிங்தான் பிரச்சினை, கண்டுபிடித்துவிட்டேன் என்று செல்வத்திடம் கண்ணடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் வரிசையில் அஞ்சலை அம்மாள் உட்கார்ந்திருந்தார். கோடியப்பனின் தங்கை. தேங்காய் நல்லதா என்று பார்க்கப் பையைத் திறந்தவர் கையில் துண்டு வந்தது. கவரைக் கிழித்தார். எழுத்தைப் பார்த்தார். அப்புறம் அந்த மண்டபமே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம்.

"அடிப்பாவி தமிழு! எமன ஒதைச்ச சாமி வாசல்ல, கட்டுன தாலியில மஞ்சக்கூட காயல, உசுரோட இருக்குற எங்கண்ணனுக்குக் கோடியாடி போடுற?"

நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாள் பணத்தைச் சொல்கிறார், அண்ணனுக்கு யாரோ கோடி ரூபாய் போட்டிருப்பதாக நினைத்துவிட்டார் என்றுதான் என் புத்திக்குத் தோன்றியது. ஓடிப்போய், "இல்ல பெரியம்மா, கோடியெல்லாம் போடல, இது அரிசிக்கு வச்ச பேரு. கோடின்னா ராசின்னு..." என்றேன்.

"ராசியா! நான் எந்தக் கோடியச் சொல்றேன், இந்தம்மா எந்தக் கோடியச் சொல்லுது பாரு!"

செல்வம் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். காதோடு சொன்னார். "அக்கா, செத்தவங்க மேல போத்துற புதுத்துணிக்கு எங்க சனத்துல கோடின்னு பேரு. சொந்தக்காரங்க எடுத்துட்டு வந்து போடுவாங்க. கரை இல்லாத வெள்ளைத் துணி."

எங்கள் வீட்டில் மௌத் ஆனால், இறந்தவருக்குச் சுற்றுகிற துணியைக் கஃபன் என்போம். இவர்கள் வீட்டுத் துக்கத்துக்குப் போனால் வாசலில் நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்தச் சொல் என் காதில் விழுந்ததே இல்லை. கட்சிக் கரைக்குப் பயந்து கரையை எடுத்தேன். நீளத்துக்குப் பயந்து பெயரை வெட்டினேன். கம்ப்யூட்டரில் பார்க்கும்போது கீழே "பொன்னி" இருந்தது. நாலாக மடித்ததும் பொன்னியும் கதிரும் உள்ளே போய்விட்டன. வெள்ளைத் துணியும் கோடி என்ற எழுத்தும்தான் வெளியே நின்றன.

"ஏன்யா சொல்லல?" என்று அவரைப் பிடித்து உலுக்கினேன்.

"சொல்ல வந்தேன்க்கா. நல்ல காரியத்துக்குப் போற துணி, அந்த வார்த்தைய வாயால எப்புடிச் சொல்றது? கரை போடலாம்னு சொல்லிப் பாத்தேன். நீங்க கத்துனீங்க."

நன்னிலத்தில் ஒருவரும் காரணம் சொல்லாதது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. முகத்துக்கு நேரே அமங்கலத்தைச் சொல்ல மனசு வராத நல்ல மனுஷர்கள் அவர்கள். நான் அவர்களை என்னவெல்லாம் நினைத்திருந்தேன்!

அதற்குள் பைகள் திரும்ப ஆரம்பித்துவிட்டன. தேங்காயை எடுத்துக்கொண்டு துண்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். தமிழரசி நடு மண்டபத்தில் நின்றாள். "அது அப்பா பேருதான்க்கா," என்றாள் என்னிடம். "பொறந்ததுலேருந்து அப்பா பேராவேதான் காதுல விழுந்துருக்கு. எனக்கு வேற எதுவும் தோணல." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கோடியப்பன் வந்தார். மெலிந்த மனிதர், கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. "என்ன சத்தம்?" என்றார். நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்தார்.

"அண்ணே, அத வைங்கண்ணே! தொடாதீங்க," என்று அஞ்சலை அம்மாள் பதறினார்.

"இரு அஞ்சல." கையை நீட்டிப் பிடித்து எழுத்துக் கூட்டினார். "கோ... டி." அவர் சிரித்தார். "அட, நாளைக்குப் போனா போத்தத்தான போறீங்க. முன்னாடியே வந்துருச்சு, வச்சுக்குவோம். இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

மண்டபமே சிரித்தது. எனக்கும் உயிர் வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் துண்டைக் கீழே வைக்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"தமிழு, இது எம்பேரா?"

"ஆமாப்பா. நம்ம அரிசிக்கு வச்சிருக்கேன்."

"மீதி எங்கம்மா?"

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"எம்பேரு கோடியப்பன்ல? கோடியக்கரைச் சாமி பேருன்னு எங்க ஆத்தா வச்சது. பண்ணையில ஒருத்தரும் முழுசா கூப்புட்டதில்ல. 'ஏய் கோடி'ம்பாங்க. அவங்க வீட்டு நண்டு சிண்டுகூட கோடிதான். சரி, அவங்க அப்புடிக் கூப்புட்டாங்க. நீ படிச்ச புள்ள. நீயும் பாதியோட நிறுத்திட்டியே?"

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். தமிழரசி என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு நொடி போதும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எத்தனையோ பேரிடம் வாய் கிழியப் பேசியவள் நான். அன்றைக்கும் நான்தான் பேசியாக வேண்டும். "ஐயா, அவ முழுசாத்தான் எழுதிட்டு வந்தா. மீதிய வெட்டுனது நான்," என்றேன். "துண்டுல எடம் பத்தலன்னு..."

அவர் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். சுற்றிலும் வெள்ளை. மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"எடம் நெறையக் கெடக்கே தாயி," என்றார்.

4. காப்பிக்கொட்டைக் கரை

மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகச் செல்வத்தை நாற்காலியில் உட்கார வைத்து, "நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்," என்றேன். அவர் பயந்துவிட்டார். எனக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தாராம். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வெள்ளையே இருக்கட்டும், ஆனால் அகலமாக ஒரு கரை. காப்பிக்கொட்டைக் கலரில். நாங்கள் இரண்டு பேரும் யோசித்துப் பார்த்தோம், அந்தக் கலரில் எந்தக் கட்சியும் இல்லை. பெயர் நடுவில் வேண்டாம், கரைக்கு மேலே ஒரே வரியில், துண்டின் அகலம் முழுக்க ஓடட்டும். எப்படி மடித்தாலும் பெயரில் பாதியாவது வெளியே தெரியுமே, அது எந்தப் பாதி என்று கேட்டேன். அவர் ஒரு துணியை வெட்டி மடித்துக் காட்டினார். ஒன்பது மாதிரி மடித்துப் பார்த்தோம். கடைசியில் "அப்பன்" எப்போதும் வெளியே நிற்கிற மாதிரி அமைந்தது. நடுவில் நாலு தடவை எனக்கு வாய் துறுதுறுத்தது. கஷ்டப்பட்டு மூடிக்கொண்டேன்.

பெயரையே மாற்றிவிடலாமா, அரிசி விற்க வேண்டுமே என்று தமிழரசி ஒரு நாள் முழுக்கக் குழம்பினாள். கோடியப்பனே, "வியாபாரம்தான் முக்கியம், வேற பேரு வை," என்று சொல்லிவிட்டார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டு, காலையில் எனக்கு இரண்டே சொல் அனுப்பினாள்: "கோடியப்பன் பொன்னி." சாக்கும் அப்படியே அச்சானது. பழைய ஆயிரம் துண்டிலும் எழுத்து உள்ள பாகத்தை வெட்டிவிட்டு, மீதியை மில்லில் மெஷின் துடைக்கப் போட்டுவிட்டார்கள். அஞ்சலை அம்மாள் மட்டும் இன்னும் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் பார்க்கிறார். பார்க்கட்டும்.

புதுத் துண்டை மக்கள் வாங்கினார்கள். அரிசியும் ஓடுகிறது. துண்டு கொடுத்ததால் அரிசி ஓடுகிறதா, அரிசி நன்றாக இருப்பதால் துண்டைத் தோளில் போடுகிறார்களா என்று கேட்டால் எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. தமிழரசியைக் கேட்டேன். அவளுக்கும் தெரியாதாம்.

தெரிந்ததைச் சொல்கிறேன். துணியில் அச்சடிக்கும் பெயரைக் கம்ப்யூட்டரில் மட்டும் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். ஒரு துணியில் அடித்து, மடித்து, தோளில் போட்டு, நாலு பேர் கையில் கொடுத்துப் பாருங்கள். தாளில் ஒரு அர்த்தம் தருகிற சொல், துணியில் ஏறினால் வேறு அர்த்தம் தரும். வேலை செய்கிறவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றால், என்ன என்று கேளுங்கள். கத்தாமல் கேளுங்கள். இதில் நான் இன்னும் பாஸாகவில்லை. இன்னொன்று, இடம் போதவில்லை என்று யாருடைய பெயரையும் வெட்டாதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தப் பெயருக்கு உரியவரைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

போன மாதம் மயிலாடுதுறையில் ஒரு மளிகைக் கடைக்கு டீ-ஷர்ட் டெலிவரி கொடுக்கப் போயிருந்தேன். வாசலில் தமிழரசியின் மில் வண்டி நின்றது. டெலிவரிக்குத் தானும் போவேன் என்று கோடியப்பன் அடம்பிடித்து வந்திருந்தார். சாக்குகளை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு கல்லா ஓரமாக நின்றார். தோளில் காப்பிக்கொட்டைக் கரைத் துண்டு. என்னைப் பார்த்து, "வாங்க தாயி," என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஒரு பெண் அவசரமாகப் படியேறி வந்தாள். கையில் பை, தோளில் குழந்தை. கடைக்காரரைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, கோடியப்பன் இருக்கா?"

கடைக்காரர் திரும்புவதற்கு முன்னால் இவர் நிமிர்ந்துவிட்டார். யாராவது கூப்பிட்டால் துண்டை இடுப்பில் கட்டுகிற பழைய பழக்கத்தில் கை தோளிலிருந்த துண்டுக்குப் போனது. எடுக்கவில்லை.

"இருக்கேம்மா, சொல்லுங்க," என்றார்.